மௌசா வீட்டு அரபி

நாகவள்ளி ஷார்ஜாவில் பிசியோதெரபிஸ்ட். முவைலாவில் வீடு, பதினைந்து நிமிடத்தில் கிளினிக். பதிமூன்று வருடத்தில் அவள் கற்றிருந்த அரபி யல்லா, கலாஸ், மாஃபி என்ற மூன்று சொற்களோடு நின்றிருந்தது. மீதியை ரிசப்ஷனில் இருக்கும் காயல்பட்டினத்துப் பெண் சப்ரீனா பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு அம்மாள், நாகவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினாள். இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க சப்ரீனா?"

"வலிக்குதாம்க்கா."

"இவ்வளவு நேரம் அதையா சொன்னாங்க?"

"மத்ததெல்லாம் சும்மா ஊர்க்கதைக்கா."

அந்த ஊர்க்கதை என்னவென்று தெரிந்துகொள்வதற்குள் அந்த அம்மாள் போய்விட்டாள். நாகவள்ளிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஓமானில் பஹ்லா என்ற ஊரில் ஒரு மொழிப் பள்ளி இருப்பதையும், மாணவிகளை அங்குள்ள குடும்பங்களோடு தங்க வைப்பார்கள் என்பதையும் அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஒரு மாச லீவையும் அங்கயே கழிச்சிட்டா, கோவில்பட்டி?" என்று கேட்டார் கணவர் சேதுமாதவன்.

"கோவில்பட்டி எங்கயும் ஓடிராதுங்க."

அவர் சிரித்துவிட்டார். அவரே காரில் கொண்டுபோய் விட்டார்.

தங்க இடம் கொடுத்தவள் மௌசா. நாகவள்ளியைவிட நான்கு வயது மூத்தவள். கணவருக்கு மஸ்கட்டில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவார். இரண்டு மகள்களும் அங்கேயே படிக்கிறார்கள். காலியான அறையையும் காலியான பகல்களையும் சமாளிக்கத்தான் மாணவிகளைச் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது.

முதல் நாள் மதியம் பெரிய தாம்பாளத்தில் சோறும் ஆட்டுக்கறியும் வந்தது. நாகவள்ளி சைவம். பேருந்து நிலையப் பிச்சைக்காரி மாதிரி கையை ஆட்டாமல், வாக்கியமாகவே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"அனா பிதூன் லஹம்."

மௌசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து அளந்தாள். பிறகு இரக்கத்தோடு இன்னும் இரண்டு துண்டு கறியை அவள் பக்கம் தள்ளினாள். மறுநாள் எலும்புச் சூப்பும் வந்தது. இரண்டு நாளும் நாகவள்ளி ஓரத்துச் சோற்றையும் பேரீச்சம்பழத்தையும் தின்று ஒப்பேற்றினாள்.

மூன்றாம் நாள் வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 'லஹம்' என்றால் கறியும்தான், சதையும்தான். 'என் உடம்பில் சதையே இல்லை' என்று அவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சரியாகச் சொன்னாள்: "மா ஆகல் லஹம்." நான் கறி சாப்பிடுவதில்லை. மௌசா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மஸ்கட்டுக்கு போன் போட்டுக் கணவரிடம் நடித்தே காட்டினாள். அன்றிலிருந்து பருப்பும் வெண்டைக்காயும் காகிதம் போன்ற மெல்லிய ரொட்டியும் வர ஆரம்பித்தன.

வகுப்பில் படிப்பது ஒரு அரபி, மௌசா பேசுவது வேறு அரபி. கூடப் படித்த ஜெர்மன்காரி ஒருத்தி இதற்காகக் கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள். நாகவள்ளிக்கு அது விசித்திரமாகவே படவில்லை. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று பேசும் ஊரில் பிறந்தவளுக்கு இதில் என்ன அதிசயம்? புத்தகத்தில் கால் என்பது 'ரிஜ்ல்'. மௌசாவுக்கு அது 'ரிகல்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தாள். மேல் தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது மௌசா எப்போதும் வலது கையையே நீட்டினாள். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தோள் இறுகிப் போயிருந்தது.

தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பயிற்சி தொடங்கியது. சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்ற வேண்டும். வலி தெரியாமலிருக்க மௌசா பேசுவாள். முதலில் பாதி புரிந்தது, பிறகு முக்கால்வாசி புரிந்தது. அந்தத் தெருவில் முதன்முதலில் லைசென்ஸ் வாங்கிய பெண் மௌசாதான். தோள் பிடித்துக்கொண்டதிலிருந்து ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. ஒரு வருடமாகக் கார் உறைக்குள் கிடக்கிறது. எங்கே போவதென்றாலும் கொழுந்தனை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

"டாக்டர்கிட்ட இதைச் சொன்னியா?" என்று நாகவள்ளி அரபியில் கோத்துக் கோத்துக் கேட்டாள்.

"வலிக்குதான்னு கேட்டார். வலிக்குதுன்னேன். வேற எதுவும் கேக்கலையே."

கடைசி வாரத்தில் கை காது உயரம் வரை வந்தது. முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேர்வு நாள் காலையில் நாகவள்ளி வெளியே வந்தபோது, உறையை எடுத்துவிட்டுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மௌசா.

"ஏறு."

"தோள்?"

"தோள் கிடக்குது. ஏறு நீ!"

ஊர் நடுவிலிருக்கும் பழைய கோட்டையைச் சுற்றித் தேவையில்லாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள். எதிரே வந்த கொழுந்தனுக்கு ஹாரன் அடித்துக் கையசைத்தாள். நாகவள்ளி தேர்வுக்குப் பத்து நிமிடம் தாமதம். மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்து மூன்று. சான்றிதழில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஷார்ஜாவில் இப்போது நோயாளிகளிடம் அவளே பேசுகிறாள். 'ரிகலை நீட்டுங்க' என்றால் பெண்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். இந்த ஊரில் கால் என்றால் 'ரீல்'.

"அக்கா, இந்த ஊரு வார்த்தையச் சொல்லுங்களேன். எல்லாரும் உங்கள ஓமான்காரின்னு நெனைக்கிறாங்க" என்றாள் சப்ரீனா.

"வாயில அதான் வருது, என்ன செய்ய?"

நீளமாகப் பேசுகிறவர்களுக்கு அவள் கடைசி அப்பாயின்ட்மென்டைக் கொடுக்கிறாள். அதனால் வீடு திரும்புவது சற்றுத் தாமதமாகிறது. சேதுமாதவன் அதற்குள் சோறு வைத்துவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை மௌசாவிடமிருந்து ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாகவள்ளியின் மகள் சம்யுக்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளை நல்லவனாம், அவங்கம்மாதான் வாயாடியாம். நாம மூணு பேரும் கண்டிப்பா வரணுமாம்."

"எல்லாமே புரியுதா உனக்கு?"

"நடுவுல ரெண்டு வார்த்தை புரியல" என்று சொல்லிவிட்டு, நாகவள்ளி மெசேஜை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.