சங்கு இல்லாத பாட்டு

ஃபெலிஸ்தாவுக்குக் கோபம் வந்தால் முதல் வேலையாகத் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டுவாள். அதைக் கண்டதும் எங்கள் சுரங்க நகரமான கிட்வேயின் சந்தையில் அவளுக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கும் நான் என் தக்காளிக் குவியலைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்வேன். அவள் மூட்டையாக வரும் பழந்துணி விற்பவள். விலை குறைத்துக் கேட்பவர்களிடம் கோபப்படமாட்டாள். துணியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பவர்களிடம்தான் வரும்.

அவளுடைய கணவன் சிசெங்கா தாமிரச் சுரங்கத்தில் குழிக்குள் வேலை செய்தவன். நெஞ்சில் தூசி சேர்ந்து இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். மூத்த பெண் லோம்பேயின் பெயரைச் சொல்லி, லோம்பேயின் அம்மா என்ற பொருளில் ‘பனா லோம்பே’ என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவோம். மாதா கோயிலுக்குத் தவறாமல் போவாள். இறுதிச் சடங்கு வீடுகளில் முதல் ஆளாக அடுப்பு மூட்டுவாள். இவ்வளவுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ‘செகண்ட் ஷாஃப்ட்’ என்ற எங்கள் ஊர் ராக் குழு.

எழுபதுகளில் அந்தப் பையன்கள் தலைமுடியைப் புதராக வளர்த்துக்கொண்டு சுரங்கத் தொழிலாளர் நலக்கூடத்தில் வாசித்தபோது அவர்களுக்குப் பெல்பாட்டம் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். பள்ளிக்கூட மேடையின் பழைய திரையைக் கிழித்துத் தைத்தாள். அதற்காக அவள் அப்பாவிடம் வாங்கிய அடியைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகத்தான் பேசுவாள்.

கச்சேரி சனிக்கிழமை பிற்பகலில் நடக்கும். அதில் ஒரு சங்கடம் இருந்தது. நடுவில் ஷிப்டுச் சங்கு ஊதிவிடும். கூட்டத்தில் பாதிப்பேர் நாற்காலிக்கடியில் பூட்ஸும் சாப்பாட்டு டப்பாவுமாக வந்து உட்கார்ந்திருப்பவர்கள். ஊதினால் எழுந்தே ஆகவேண்டும். வெளியூர்க் குழுவினர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசிப்பை நிறுத்துவார்கள். எங்கள் குழுவின் கிட்டார்க்காரன் லாஸ்டன் நிறுத்தவில்லை. சங்குக்கென்றே ஒரு பாட்டைக் கட்டினான். மெதுவாக ஆரம்பித்து நேரம் பார்த்து இழுத்துக்கொண்டே இருப்பான். சங்கு எழும்பியதும் அதே சுருதியில் கிட்டாரும் எழும்பும். எது சங்கு எது கிட்டார் என்று தெரியாது. கூடத்தின் கதவுகளை விரியத் திறப்பார்கள், ஒலிபெருக்கிகளைச் சாலைப் பக்கம் திருப்புவார்கள். போகிறவர்கள் பூட்ஸைத் தரையில் அடித்து ஆடிக்கொண்டே போவார்கள். குழியின் வாசல்வரைக்கும் பாட்டு கூடவே வரும்.

சிசெங்காவுக்கு எப்போதும் அந்த ஷிப்டுதான். பாட்டின் பின்பாதியை அவன் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. வேலை முடிந்து வந்தவனுக்கு ஷீமா என்கிற சோளமாவுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துவிட்டு, “அப்புறம் என்ன வாசிச்சான் தெரியுமா” என்று இவள் வாயாலேயே கிட்டார் வாசித்துக் காட்டுவாள்.

அப்படி நடந்த ஒரு கச்சேரியை யாரோ நாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். அது கைமாறிக் கைமாறி ஐரோப்பாவில் ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை இசைத்தட்டாகப் போடுகிறார்கள். குழுவில் இப்போது உயிரோடிருப்பவர் பேஸ் கிட்டார் வாசித்த மக்காசா ஒருவர்தான். மாதிரித் தட்டு அவருக்கு வந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டால் மறுநாளே அச்சுக்குப் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் குட்சனின் சாராயக்கடைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்.

முதல் இரண்டு பாட்டுக்கும் நாங்கள் நாற்காலியை நகர்த்திவிட்டு ஆடினோம். ஃபெலிஸ்தாவும் ஆடினாள். மூன்றாவதாக அந்தப் பாட்டு வந்தது. லாஸ்டனின் கிட்டார் இழுத்தது, இழுத்தது, எழும்பியது.

சங்கு வரவில்லை.

நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பூட்ஸ் சத்தம். வெறும் கிட்டார் ஒன்று தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் படியில் கால் தவறியதுபோல நின்றார்கள்.

ஃபெலிஸ்தா தலைத்துணியை அவிழ்த்தாள்.

“மறுபடி போடு.”

“தட்டு கீறிடும் அக்கா,” என்றான் குட்சன்.

“போடுடா.”

போட்டான். அதேதான். அவள் மேசைமேல் கிடந்த தட்டின் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். “‘இந்த இடத்தில் பொறுமையிழந்த ரசிகர்கள் பலர் எழுந்து வெளியேறுவதைக் கேட்கலாம். குழுவினர் மனம் தளராமல் தொடர்கிறார்கள்.’” அட்டையை மக்காசாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “யாருய்யா பொறுமையிழந்தது? என் புருஷனா?”

“பனா லோம்பே, உக்காரு. மொதல்ல ஒரு வாய் குடி.”

“குடிக்க வரல. சங்கு எங்க?”

மக்காசா கோப்பையின் நுரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். “கம்பெனிக்காரன் போன்ல கேட்டான், பின்னாடி ஒரு எரைச்சல் வருதே, மிஷின் கோளாறான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் அவசரமாகப் பேசினார். “அங்கல்லாம் சுத்தமா கேட்டுப் பழகினவங்கம்மா. சுரங்கத்துச் சங்கோட பாட்டு போனா, பாவம், தகரக் கொட்டாயில வாசிச்ச பசங்கன்னு நெனைப்பான். பெரிய ஊர்க் குழு மாதிரி இருக்கட்டுமேன்னு…”

“தகரக் கொட்டாயிலதானய்யா வாசிச்ச! நான் தச்ச திரைத்துணி பேன்ட்டப் போட்டுகிட்டு வாசிச்ச. உங்கப்பா ஆபீஸ் கிளார்க்கு, ஒனக்கு அந்தச் சங்கு எரைச்சல்தான். ஊதினா நீ எந்திரிக்க வேண்டியதில்ல. எந்திரிச்சவன்ல முக்காவாசிப்பேரு இப்ப மண்ணுக்கடியில கெடக்குறான், வந்து எதுத்துப் பேசமாட்டான்னு தைரியமா?”

“அப்படி இல்ல…”

“பாட்டு புடிக்காம எந்திரிச்சுப் போனவன்னு ஒலகம் பூரா எழுதிப் போடற. அந்தாளு பாதிப் பாட்டுக்காக முழு டிக்கெட் வாங்கினவன்யா!”

மக்காசா குட்சனைப் பார்த்தார். குட்சன் தட்டை மூன்றாம் முறை வைத்தான். கிட்டார் எழும்பும் இடம் வந்ததும் மூலையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சுரங்க ஆட்கள் வாயைக் குவித்து ‘ஊ…’ என்று சங்கு ஊதினார்கள். கேலிக்குத்தான் ஊதினார்கள். ஒருவர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியதுபோல வாசல்வரை ஆடிப்போய், “மக்காசா, நாங்க வெளிநடப்பு செய்யறோம்பா! உன் வாசிப்பு சகிக்கல!” என்றார். சிரிப்பு கிளம்பியது. ஃபெலிஸ்தா சிரிக்கவில்லை.

மக்காசா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்தார்.

“அழுகையெல்லாம் வீட்ல வெச்சுக்க,” என்றாள் அவள். “இப்ப போனை எடு.”

எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவுக்குக் கம்பெனிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டார். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி அவள் மேசையைத் தட்டினாள். நாங்கள் எல்லாரும் கேட்டோம். அது மிஷின் கோளாறு இல்லை, சுரங்கத்துச் சங்கு, நான்தான் பொய் சொன்னேன் என்று மக்காசா ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னார். பிறகு அந்தக் கம்பெனிக்காரன், அதைக் கிட்டாரிலிருந்து பிரித்தெடுக்கத் தான் படாதபாடு பட்டதாகவும், எடுத்தபிறகு பாட்டு ஏன் பல் போன வாய்போல ஆகிவிட்டது என்று தனக்கே விளங்கவில்லை என்றும் சொன்னான். பழையபடியே வைத்துவிடலாம். ஆனால் அட்டையை மாற்ற வேண்டும், அந்த இடத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டான்.

மக்காசா, லாஸ்டனின் மேதைமை, மக்களின் இதயத்துடிப்பு என்று ஏதோ ஆரம்பித்தார். ஃபெலிஸ்தா போனைப் பிடுங்கினாள்.

“எழுந்தவங்க ஷிப்டுக்குப் போனாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதாதே.”

போனை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மக்காசா எழுந்து கோப்பையை நீட்டியபடி பின்னாலேயே வாசல்வரை போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சந்தையிலும் தலைத்துணி அவள் இடுப்பில்தான் இருந்தது. நான் தக்காளியை நகர்த்திக்கொண்டேன்.