முதலாளியின் மோட்டர்

இரும்பு கடைகிற என் லேத்தின் மோட்டர் ஒரு காலையில் எரிந்தது. முதலில் மணம் வந்தது, பிறகு புகை. கழற்றி ஓட்டோவில் போட்டுப் புத்தளம் டவுனில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மோட்டரைப் பார்க்காமலே நாளைக்கு என்றான். எந்த நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அவனுக்கே தெரியாததைக் கேட்டு என்ன பிரயோசனம்.

அப்படி லேத் சும்மா கிடக்கும்போதுதான் குறிஞ்சிப்பிட்டித் தோட்ட முதலாளி வந்தார். வெங்காயம் போடுகிறவர். கையில் அவருடைய தண்ணிப் பம்புக்குள் சுற்றுகிற சாப்ட் தண்டு, இரண்டு துண்டாக. வெங்காயம் காய் வைக்கிற நேரம். மணல் நிலம், ஊற்றுகிற தண்ணி நிற்காது. இரண்டு நாள் நனையாவிட்டால் தாள் சுருண்டுவிடும், பிறகு எழும்பாது. புதுச் சாப்ட் கடைந்து தரச் சொன்னார். மோட்டர் இல்லை, வேறு லேத்துக்குப் போங்கள் என்றேன். அங்கெல்லாம் அவர் சண்டை பிடித்து முடித்துவிட்டார்.

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு இங்கே அகதி முகாமுக்கு வந்தவன் நான். இங்கேதான் கல்யாணம் முடித்தேன். பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கைத்தொழில்காரனை இங்கே பாஸ் என்பார்கள். அவருடைய வாயில் இன்றைக்கும் நான் அகதி பாஸ்தான்.

"பம்ப்தானே உடைஞ்சது. என்ட மோட்டர் சும்மா கிடக்கு," என்றார். "அதைப் பூட்டுங்க பாஸ். மோட்டர் எண்டா மோட்டர்தான். சுத்துறதுதானே வேலை."

இந்தக் கரையில் எல்லோருக்கும் இந்தக் கதைதான். மோட்டர் என்றால் கிணற்றடியில் தண்ணி இழுக்கிற சாமான். அதற்கு மேலே ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கொண்டு வந்து இறக்கினார். என் மோட்டரைவிட இரண்டு மடங்கு வேகம். பழைய இரும்புக்குள் கிடந்த சின்னக் கப்பி ஒன்றைப் பூட்டி அதைச் சரிக்கட்டினேன். பெல்ட் போட முந்தி சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். மாறிச் சுற்றியது. என் லேத் பழசு. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கு அதில் போத்தல் மூடி மாதிரி மரையில்தான் நிற்கிறது. நேரே சுற்றினால் இறுகும், மாறிச் சுற்றினால் கழன்றுவிடும். மோட்டரைத் திருப்பி வைத்து, புதுத் துளை போட்டுப் பூட்ட வேணும். அவருக்கும் சொன்னேன். விளங்கின ஆள் மாதிரித் தலையை ஆட்டினார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வாங்க என்றேன். வீட்டில் போய்த் தொழுவேன் என்றார். எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது முதலாளி வாசலில் நின்றார். உள்ளே சக்கு நிலத்தில் கிடந்தது. அவரே பெல்ட்டை மாட்டி, இரும்பையும் சக்கில் இறுக்கி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். சக்கு கழன்று, லேத்தின் அடியில் தண்டவாளம் மாதிரி நீண்டு கிடக்கிற பெட்டில் விழுந்து, அங்கிருந்து உருண்டு சீமெந்தையும் உடைத்திருந்தது. பெட்டில் விரல் நுனி அளவு பள்ளம். அவருடைய காலில் விழவில்லை. அந்த மாதிரி ஆட்களின் காலில் ஒன்றும் விழாது.

"உங்கட லேத்துல ஏதோ பிழை இருக்கு பாஸ்," என்றார்.

மோட்டரோடு அவரைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அந்தத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறது எங்கள் முகாமிலிருந்து வந்த பொம்பிளைகள். வெங்காயம் கருகினால் இவருக்கு ஒரு போகம் போகும். அவர்களுக்கு அடுப்பு எரியாது.

சக்கைத் தூக்கிப் பூட்டினேன். மோட்டரைத் திருப்பி வைத்தேன். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு சாப்ட் முடிந்தது. மோட்டரைக் கழற்றி, என் கப்பியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கே தோட்டத்துக்குத் தண்ணி பாய்ந்தது. ஓரத்தில் இரண்டு பாத்தி மட்டும் போனதாம். அதுவும் நான் சுணக்கியதால் போனதாம்.

தேத்தண்ணிக் கடையில் அவர் சொல்லித் திரிந்த கதை வேறு. அகதி பாஸின் லேத்துக்குத் தன்னுடைய மோட்டர்தான் உசிர் கொடுத்ததாம். கேட்டவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்களாம். ஆட்டட்டும்.

என் மோட்டர் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. உளி பூட்டின வண்டி பெட்டில் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது கைப்பிடி ஒருக்கா தட்டும். அப்போது அவர் ஞாபகம் வரும்.

அடுத்த போகத்தில் பம்பில் சாப்ட்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துபோய் மறுபடி வந்தார். வேலை பாதியில் நிற்கும்போது பாங்கு சொன்னது.

"நீங்க போயிட்டு வாங்க பாஸ். நான் இருக்கிறன்," என்றார்.

அவரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டேன். திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். நல்ல வெயில். அந்த வாசலில் நிழல் கிடையாது.