தியோடர் சார் வீட்டு பினாயில்

ஜோகுபாளையத்தில் வனஜாவின் வீட்டை யாரும் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சந்து முனையிலேயே பினாயில் வாடை வந்து கூப்பிட்டுவிடும். புருஷன் போய், ஒரே மகள் மமதாவைப் பம்பாய்க்குக் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த வாடைதான் வீட்டில் அவளுக்குத் துணை.

காலையில் ஓர் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் வேலை. ஒற்றை வயிற்றுக்கு அது போதும். ஆனாலும் மத்தியானத்தில் சமையல் மூலையில் பிளாஸ்டிக் பீப்பாயை வைத்து, சிட்டி மார்க்கெட்டில் வாங்கிய பினாயில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் தண்ணீரில் கலக்குவாள். பழைய பாட்டில்களில் ஊற்றிக் காக்ஸ் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போவாள்.

எதற்காக? ஒரு கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்று ஒரு குரல் கேட்க வேண்டும், "நான்தான்" என்று சொல்ல அவளுக்கு ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான்.

அந்தக் கதவுகளில் கடைசிக் கதவு தியோடர் சாருடையது. ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. சனிக்கிழமை தவறாமல் ஒரு பாட்டில் வாங்குவார்.

"போன வாரத்து பாட்டில் தீர்ந்துடுச்சா சார்?"

"தீரலை வனஜாம்மா. நீங்க வந்துட்டீங்களே."

"இப்படி வாங்கினா வீடே பினாயில்ல மிதக்கும்."

"மிதக்கட்டும். எனக்கு நீச்சல் தெரியும்."

அவள் சிரிப்பாள். அவர் தடவித் தடவி டீ போட்டுக் கொடுப்பார். வாரம் முழுவதும் அவள் வாய்விட்டுப் பேசியது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதற்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. பினாயில் என்று ஒரு சாக்கு இருந்தது. அதை வைத்தே காலத்தை ஓட்டினார்கள்.

தொண்ணூற்று ஆறாம் வருஷக் கோடையில் ஒருநாள் சார் கேட்டார். "லேபிள் இல்லாம விக்கறீங்களே, இதுக்கு லைசென்ஸ் வேணும், தெரியுமா?"

"பினாயிலுக்கா? நான் என்ன மருந்தா விக்கறேன்?"

"சட்டத்துல இதுவும் மருந்துக் கணக்குதான். பத்ரிநாத்னு என்கிட்ட படிச்ச பையன், மருந்து இலாகாவுல டிரக்ஸ் இன்ஸ்பெக்டரா இருக்கான். லைசென்ஸ் எடுத்துத் தரச் சொல்றேன். நாளைக்கு யாரும் உங்களைப் பிடிச்சு நிறுத்தக் கூடாது பாருங்க."

தனக்காக ஒரு மனிதர் கவலைப்படுகிறார் என்ற நினைப்பே அவளுக்கு ஒரு வாரம் இனித்தது.

பத்ரிநாத் வந்தார். பீப்பாயைப் பார்த்தார், அதை ஒட்டினாற்போல் இருந்த அடுப்பைப் பார்த்தார். பாட்டிலைச் சீல் வைத்து எடுத்துப் போனார். மறுபடி வந்தபோது உட்காரவில்லை.

"டெஸ்ட்ல ஃபெயில்மா. கிருமி சாகவே இல்லை. என்ன கலந்தீங்க?"

காக்ஸ் டவுன் அம்மாக்கள் வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பால் போல வெளுத்தால்தான் அது நல்ல பினாயில். அவர்கள் முகம் மலர்வதற்காக வனஜா சோப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். எண்ணெய் குறைந்துகொண்டே போயிருந்தது. ஏமாற்றுகிறோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"லைசென்ஸ்னா தனி ரூம் வேணும், சயின்ஸ் படிச்ச ஆள் வேணும், ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணணும். உங்களால ஆகாதும்மா. சார் முகத்துக்காக கேஸ் போடலை. ஆனா இனி ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது. சார்கிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் சார். நல்லது நினைச்சு செஞ்சார். தெரிஞ்சா தாங்கமாட்டார். நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

பத்ரிநாத் கண்ணெதிரே பீப்பாயைக் கவிழ்த்தாள். சாக்கடை தெருக்கோடி வரை வெள்ளையாக ஓடியது.

மற்ற வீடுகளை விட்டுவிட்டாள். தியோடர் சார் வீட்டை விட முடியவில்லை. ஆனால் வெறுங்கையோடு, தனியாக இருக்கும் ஆண்பிள்ளையின் கேட்டைத் திறந்துகொண்டு எப்படிப் போவது? எதிர் வீட்டு ஜன்னல்களுக்கு என்ன பதில்? சனிக்கிழமை அல்சூர் பஜாரில் கம்பெனி பினாயில் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

சார் பாட்டிலைக் கையால் தடவினார். "லேபிள் ஒட்டியிருக்கே?"

"ஆமா சார்."

"லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சார்."

அவள் பொய் சொல்லவில்லை. நம்பர் இருந்தது, யாருடையதோ. மிச்சத்தையும் சொல்லிவிடத்தான் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"பத்ரி என் சொல்லைக் காப்பாத்திட்டான். அப்போ இனி கடைகளுக்கே போடுவீங்க."

"ம்."

"பின்னே எதுக்கு இந்த வெயில்ல பையைச் சுமக்கணும்? லைசென்ஸ்காரம்மா வீடு வீடா ஏறி இறங்கலாமா? நான் கடையிலயே வாங்கிக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லை சார்."

"எனக்கு இருக்கு. ஒரு கிழவனுக்காக நீங்க இத்தனை தூரம் நடந்தது போதும்மா."

கடைசி வார்த்தையில் அவர் குரல் கம்மியது. அவரும் தன் சனிக்கிழமைகளைத்தான் பிடுங்கிக் கொடுக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒருநாளும் இல்லாத வழக்கமாக, சுவரைப் பிடித்துக்கொண்டே கேட் வரை வந்து கைகூப்பினார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றாள். திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் அவள் பிழைப்பைக் கெடுத்தது தான்தான் என்று அந்த மனிதர், பேச ஆளில்லாத வீட்டில், மிச்ச நாளெல்லாம் உட்கார்ந்து நோவார்.

வீட்டுக்குப் போகும் அல்சூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.