நான் போட்ட முடிச்சு

என் கணவரின் வலது கையைத் தொட்டால் கிர்ரென்று அதிரும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ரத்தம் அங்கே முட்டி மோதிக்கொண்டு ஓடும். தினமும் காலையில் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதிர்ந்தால் நல்லது. மூன்று வருஷமாக வாசல் தெளிப்பதற்கு முன்னால் நான் செய்த வேலை அதுதான்.

"ஓடுதா?" என்பார்.

"ஓடாம எங்க போவும்? எழுந்து பல்லை வெளக்குய்யா" என்பேன்.

முதலில் இடது கையில் செய்தது ஆறே மாதத்தில் அடைத்துப்போயிருந்தது. இனி இந்தக் கைதான், வேறு நல்ல நரம்பு இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று பாண்டிச்சேரியில் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது டிரைவர் போட்ட பிரேக்கில் அவர் கை கம்பியில் இடித்தது. ஊசி குத்திய இடத்துப் பஞ்சு சிவப்பாக நனைய ஆரம்பித்தது. விரலால் லேசாக அழுத்திப் பிடித்தால் போதும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் நான் உப்பளத்துக்காரி. வரப்பில் கசிவைக் கண்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. களிமண்ணை அப்பி, குதிகாலால் மிதித்து இறுக்கினால்தான் மனசு ஆறும். அசந்துவிட்டால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். அவர் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துச் சுற்றி, முடிச்சுப் போட்டேன்.

"ரொம்ப இறுக்குதுடி. கொஞ்சம் தளத்து."

"கசியுதுல்ல? வீடு போற வரைக்கும் வாய மூடிக்கினு வா."

கசிவு நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பாவி. வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். அவர் களைப்பில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் உப்புக் குவியலை மூட அளத்துக்கு ஓடினேன். முடிச்சு நினைவிலேயே இல்லை. திரும்பி வந்து அவிழ்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. அழுத்தி வைத்தேன். காதை வைத்துக் கேட்டேன். வெறும் கை.

மறுநாள் குழாயைக் கிழித்து அடைப்பை எடுத்துப் பார்த்தார்கள். எடுக்க எடுக்க மறுபடி உறைந்தது. டாக்டர் வெளியே வந்து சொன்னார்:

"கட்டு குழாயை முழுசா மூடலைம்மா, நெருக்கியிருக்குது. நெருக்குன எடத்துல ரத்தம் வேகமா பாயும். ரத்தத்துல பிளேட்லெட்டுன்னு பொடி அணு இருக்குது. அந்த வேகத்தோட இழுப்பு கூடக் கூட அது குழாய்ச் சுவத்தைப் புடிச்சுக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதைத் தாண்டி ரத்தம் மந்தமா சுத்துற எடத்துல கட்டியாயிடும்."

எனக்குப் புரியவில்லை. எங்கள் வாய்க்காலில் நெருக்கின இடத்தில்தான் தண்ணீர் சேற்றை அரித்துக்கொண்டு ஓடும். வேகமாக ஓடினால் எதுவும் ஒட்டாது என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். வேகம் கூடினால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஒன்று மனுஷன் உடம்புக்குள் இருக்கும் என்று யார் கண்டது?

"யாரு இப்புடிக் கட்டுனது?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வெளியே தள்ளி வந்திருந்த ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் சொன்னார்: "நான்தாங்க. பல்லால கடிச்சி இழுத்துக் கட்டிக்கினேன்."

டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார். ஊரையே வாயால் விரட்டுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டோவில் ஏறியதும், "ஏன்யா பொய் சொன்ன?" என்றேன்.

"உன்னைத் திட்டுனா நீ திருப்பித் திட்டுவ. அப்புறம் அந்தாளு எனக்கு வைத்தியம் பாப்பானா?" என்று சிரித்தார். அதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இப்போது டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் சொருகியிருக்கிறார்கள். இரண்டு தடவை அதில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னும் எத்தனை நாளுக்கு என்று கேட்டால் டாக்டர் தரையைப் பார்க்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் தெம்பில்லை.

காலையில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் பழக்கத்தில் கையை நீட்டுகிறார். நானும் உள்ளங்கையை வைக்கிறேன். ஓடுதா என்று மட்டும் அவர் கேட்பதில்லை.