பட்டினித் தட்டு

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எல்லோரும் அவரை ‘கேன்டீன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவர் அறைக்குள் நுழைந்து டீ கேட்டுவிட்டு அசடு வழிவதுண்டு. அவர் சமைப்பது கிருமிகளுக்கு. நோயாளியின் சளியிலோ சீழிலோ எந்தக் கிருமி இருக்கிறது என்று அறிய, அதைத் தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வளரத் தீனி வேண்டும். அந்தத் தீனியைக் காய்ச்சுவது அக்கா. தட்டுகளைக் கழுவுவது நான். இருவருக்கும் ஒரே அறை.

கடற்பாசிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்கிற ஆளுயரப் பிரஷர் குக்கரில் வேகவைப்பார். பாக்டீரியாவுக்கு என்றால் அதில் ஆட்டு ரத்தம் கலக்க வேண்டும். குடுவையைப் புறங்கையில் ஒற்றிப் பார்த்து, பொறுக்கிற சூடு வந்த பிறகே ரத்தத்தை ஊற்றுவார். முந்திக்கொண்டால் ரத்தம் வெந்து பழுப்பாகிவிடும். “அதையும் ஆசையா திங்கிற ஜென்மம் இருக்கு” என்பார்.

தட்டில் தடவிய மறுநாளே பாக்டீரியா புள்ளி புள்ளியாக எழும்பியிருக்கும். ஒன்று பொன்னிறம், ஒன்று வெள்ளை. ஒரு வகை தன்னைச் சுற்றியுள்ள ரத்தத்தையெல்லாம் தின்று, கண்ணாடிபோலத் தெளிந்த வட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும். பூஞ்சைக்கு இனிப்பும் லேசான புளிப்பும் வேண்டும். அது நாள் கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, ஒரு காலையில் பஞ்சுபோலக் கிளம்பும். பிறகு பச்சையாக, கறுப்பாக நிறம் மாறும். “பாக்டீரியா நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி, வச்சதும் தின்னுடும். பூஞ்சை மாமியார் வீட்டு விருந்தாளி. வரவும் நாளாகும், போகவும் நாளாகும்” என்பார் அக்கா.

வைரஸைப் பற்றிக் கேட்டேன். நான் அதிகம் கேட்கிற ஆள் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அக்கா என்னைக் கிண்டல் செய்வார்.

“அது என் கையால ஒரு பருக்கை தின்னாது” என்றார். “அதுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. உயிருள்ள செல்லுக்குள்ள புகுந்து, அந்த செல்ல வச்சே தன்ன மாதிரி இன்னும் பலத செஞ்சுக்கும். வெளிய கெடந்தா தூசி.”

கழுவிக்கொண்டிருந்த தட்டு கையிலேயே நின்றுவிட்டது. தின்னாமல் பெருகுகிற ஒன்று இருக்கிறது என்பதை நினைத்தபடியே அன்று வீட்டுக்கு நடந்தேன்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் பணிமனையில் கண்ணில் தூசி விழ, அங்கே டிரம்மில் கிடந்த தண்ணீரை அள்ளிக் கழுவியிருக்கிறார். கண் சிவந்தது. பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்து போட்டார்கள், கேட்கவில்லை. வைரஸுக்கானதைப் போட்டார்கள், அதற்கும் கேட்கவில்லை. கருவிழியில் வெண்மை படர்ந்து, வெளிச்சம் பட்டாலே துடித்துப்போனார். ஒரு கண் போனால் லைசென்ஸ் போகும், வேலையும் போகும்.

ஆய்வகத்துப் பெரிய டாக்டரம்மா அவர் கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியைச் சுரண்டி எடுக்க ஏற்பாடு செய்தார். “அமீபாவா இருக்கலாம். பட்டினித் தட்டு ஒண்ணு போடுங்கம்மா” என்று அக்காவிடம் சொன்னார்.

அது அபூர்வமாகக் கேட்கப்படும் தட்டு. கடற்பாசியும் துளி உப்பும் தண்ணீரும் மட்டும். தின்ன எதுவும் கிடையாது. அதன்மேல் பாக்டீரியாவைப் பாய்போல மெல்லிசாகப் பரப்புவார்கள். பாக்டீரியா பட்டினியில் பெருகாமல் கிடக்கும். அமீபா இருந்தால் அவற்றைத் தின்றபடியே நகரும். தின்ற தடம் தெரியும். தட்டில் சத்து இருந்துவிட்டால் பாக்டீரியா பொங்கி, அமீபாவை மூடிப் புதைத்துவிடும்.

இதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். ஆனாலும் மறுநாள் டாக்டரம்மா தட்டைத் திறந்தபோது வெண்ணெய் பூசியதுபோலத் தடிப்பாகப் பாக்டீரியா படர்ந்திருந்தது.

“இதுல என்னம்மா போட்டீங்க?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “கொஞ்சம் இறைச்சிச் சத்துப் பொடி. அவரோடதுன்னதும் வெறும் தட்டு வைக்க மனசு வரல டாக்டர். கை தன்னால போட்டுருச்சு.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு, “திரும்பவும் சுரண்டணும். நீங்களே போய் அவர்கிட்ட சொல்லுங்க” என்றார்.

கணவர் தாழ்வார நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சுரண்டியதன் வலியே அவருக்கு அடங்கியிருக்கவில்லை. அக்கா சொல்லி முடித்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“வீட்ல உப்பே போட மாட்ட. இங்க வந்து அள்ளிப் போட்டியாக்கும்.”

“என்னங்க, நானே நொந்து போயிருக்கேன்.”

“சரி, அழாத. இன்னொரு தடவ கண்ண குடுக்கறேன். இந்தத் தடவ பத்தியச் சாப்பாடா போடு.”

அக்கா மறுபடியும் காய்ச்சினார். சத்துப் பொடி டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்து என் பக்க அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். “நான் கேட்டாலும் குடுக்காத.”

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். அக்கா வாசலோடு நின்றுவிட்டார். “நீ பாத்துச் சொல்லு” என்று என்னைப் பிடித்து முன்னே தள்ளினார்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மணல் தூவியதுபோல எங்கும் பாக்டீரியா. அதன் நடுவே யாரோ விரலால் கோடிழுத்ததுபோல வளைந்து வளைந்து ஒரு வெறும் பாதை. பாதையின் முனையில் அது இருந்தது. கையில்லை, காலில்லை. உடம்பின் ஒரு ஓரம் மெல்லத் தண்ணீராய் வழிந்து முன்னே போக, மீதி உடம்பு அதன் பின்னே ஒழுகிப் போயிற்று. பாக்டீரியாக்கள் அதன் முன் மாட்டுக்கு முன்னே கிடக்கிற தானியம்போல இருந்தன. அந்தத் தானியத்துக்குள்ளும் புகுந்து பெருகுகிற வைரஸ் உண்டாம், டாக்டரம்மா சொன்னார். இந்த மைக்ராஸ்கோப்புக்கே அது தென்படாதாம். ஒரு துளிக் கண்ணுக்குள் இத்தனை படிகளா?

“இருக்குக்கா” என்றேன். “நடக்குது.”

அத்தோடு முடியவில்லை. எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க, அதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமாம். தின்று தீர்த்த தட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றி, பாக்டீரியா பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

“என் புருஷன் கண்ண தின்னதுக்கு நானே படியளக்கணுமா டாக்டர்?”

“அளங்க. அது செத்தாத்தான அவருக்கு மருந்து தெரியும்.”

அளந்தார். ஒரு மருந்து பட்டதும் அமீபாக்கள் சுருண்டு, சுற்றிலும் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டன. செத்துவிட்டன என்று நான் நினைத்தேன். மருந்தைக் கழுவித் தீனி பரப்பியதும் ஓட்டுக்குள்ளிருந்து மறுபடியும் வழிந்து வெளியே வந்தன. இன்னொரு மருந்தில் ஓடுகள் திறக்கவே இல்லை. டாக்டரம்மா அந்த மருந்தை எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குள்ளும் அது ஓடு கட்டி ஒளிந்திருக்கும் என்பதால் மாதக்கணக்கில் சொட்டு விட வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் மணிக்கொரு சொட்டு. மதிய இடைவேளையில் அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொட்டு விட்டுவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வருவார்.

வெண்மை மெல்லச் சுருங்கியது. கருவிழியின் ஓரத்தில் நகம் பட்டதுபோல ஒரு தழும்பு மட்டும் நின்றது. பார்வைக்குக் குறுக்கே அது இல்லை. வேலைக்கான பரிசோதனையில் கணவர் கடைசி வரிவரை படித்தாராம். மறுவாரம் வண்டி எடுத்தார்.

அந்த அமீபாவை இனி வைத்திருக்க வேண்டாம், அழித்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அக்கா தட்டுகளை அடுக்கி ஆட்டோகிளேவ் வரை கொண்டுபோனார். மூடியைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ, மேலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் முன் வந்து உட்கார்ந்தார். அதுவரை ஒரு தடவைகூட அவர் அதைப் பார்த்ததில்லை.

வெகுநேரம் நிமிரவே இல்லை.

“எவ்வளவு அழகா போகுது பாரு, சனியன்” என்றார். பிறகு தட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்து, மூடியை இறுக்கித் திருகினார்.