மூன்றாம் லைனின் ஸ்கிரிப்ட்

வாலாஜாபாத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா அன்று என் மேஜைமேல் வைத்த இரும்பு பிராக்கெட்டில் சாக்பீஸால் ஒரே எண் மூன்று முறை எழுதியிருந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் பெரிய புலி என்று நினைப்பு. அக்கா மூன்றாம் லைனில், கேமராவுக்கு அடியில் பிராக்கெட்டை வைத்து அளவு பார்க்கும் ஆபரேட்டர். இரண்டு நாளாக அவர் வைத்ததில் பாதிக்கு, அளவு தப்பென்று திரை சிவப்பு காட்டியது. ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நிற்கும் மீட்டிங்கில், பொருளை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று சூப்பர்வைசர் அவர் பேரைச் சொல்லிவிட்டார். அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

“மூணு தபா எடுத்து எடுத்து வெச்சேன் தம்பி. மூணு தபாவும் அதே நம்பரு. கை தப்புன்னா நம்பர் மாறாதா? உன் பொட்டில இன்னா கீதுன்னு பாரு.”

எரிச்சலோடுதான் பார்த்தேன். அக்கா அழுத்தும் ஐகானுக்குப் பின்னால் இரண்டு நாள் முன்புதான் நான் எழுதிப் போட்ட சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. எந்தக் கேமரா, எந்த ஃபோல்டர், எந்த லைனின் அளவு வரம்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அளவு பார்க்கும் ப்ரோக்ராமைத் திறந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டாம் லைனின் ஸ்கிரிப்டை அப்படியே காப்பியடித்து எல்லா வரியிலும் இரண்டை மூன்றாக்கிய மகராசன் நான், வரம்பு வரியை மட்டும் விட்டிருந்தேன். அக்காவின் பிராக்கெட்டை, இரண்டாம் லைனில் வரும் வேறொரு பொருளின் அளவை வைத்துக் கழித்துக்கொண்டிருந்தது என் ஸ்கிரிப்ட். சத்தமில்லாமல் திருத்தினேன். பச்சை வந்தது. சரியாகிவிட்டது அக்கா என்றேன், தானாகச் சரியானது போல.

அவர் நகரவில்லை. “எம்பேர மீட்டிங்ல சொன்னாங்க. அங்கயே வந்து சொல்லு.”

பயிற்சிக் காலம், வேலை போய்விடுமோ என்ற பயம். மெயில் போடுகிறேன் என்று மழுப்பினேன். லைனில் யார் மெயில் படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை மீட்டிங் முடிந்து எல்லோரும் கலையும்போது அக்கா மட்டும் கையுறை மாட்டாமல் என்னையே பார்த்தபடி நின்றார். சூப்பர்வைசர் கத்தினார், அசையவில்லை. காது சுட்டது எனக்கு. முன்னால் போய், தப்பு என் ஸ்கிரிப்டில், அக்கா கையில் இல்லை என்று அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனார்.

எனக்கு மெமோ வந்தது. மாதக் கடைசியில் அக்கா நிரந்தரமானார்.

இப்போது வேறொரு கம்பெனியில் இதே வேலை. லைனும் வரம்பும் பொருந்தாவிட்டால் என் ஸ்கிரிப்ட் ப்ரோக்ராமைத் திறக்காது. திரையில் என் பேர் வரும். அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: ஆபரேட்டர்மேல் தப்பில்லை.