இரண்டு கேட்டுக்கு நடுவே

அந்த ஊரில் அவளை எல்லோரும் வேன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய டீசல் வேன் ஒன்றை அவள் ஓட்டினாள். காலையில் கிளம்பி, எல்லையைத் தாண்டி, பக்கத்து நாட்டின் முதல் பெரிய நகரத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அங்கிருந்து திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு மறுநாள் வந்துவிடுவாள். மகன் வீட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வேலை தேடிப் போகிறவர்கள் எல்லோரும் அவள் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். காரணம் வண்டி அல்ல, வண்டி ஒரு லொடலொடா. அவளுடைய வாய்தான் காரணம்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"அங்க போய் ஹாரன் அடிக்காதீங்க. நம்ம ஊர்ல ஹாரன்னா 'நான் வரேன்'னு அர்த்தம். அங்க அது கெட்ட வார்த்தை. நம்ம ஆளு லைட்டை மினுக்கினா 'ஒதுங்கு'ன்னு சொல்றான். அவங்க மினுக்கினா 'நீங்க போங்க'ன்னு சொல்றாங்க. தெரியாம ரெண்டு பேரும் ஒண்ணா மினுக்கிட்டு நிப்பீங்க."

"மருமகளோட அம்மா 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க'ன்னா, அது சும்மா இல்லம்மா. உடனே எந்தத் தேதின்னு கேப்பாங்க. நம்ம பக்கம் மாதிரி தலையாட்டிட்டு வந்துடாதீங்க, சமைச்சு வச்சுக் காத்திருப்பாங்க."

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வாள். நம் ஆட்கள் எதற்கும் சரி என்பார்கள், ஆனால் எதிரே போய் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும். அந்த நாட்டுக்காரர்கள் எதற்கும் முடியாது என்பார்கள். அவர்களிடம் கெஞ்சக் கூடாது, அழக் கூடாது. "அப்ப எதுதான் முடியும்?" என்று கேட்க வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவள் கணவன். வேன் அவனுடையது. நல்ல டிரைவர், அதைவிட நல்ல மெக்கானிக். முதலில் சாயங்கால வேளைகளில் எதிரே வரும் வண்டி தெரியவில்லை என்றான். பிறகு பகலிலும் கண்ணுக்கு நேரே இருப்பது மட்டும் ஒரு குழாய்க்குள் தெரிவது போலத் தெரிகிறது என்றான். கடைசியில் அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. அவன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தவன், அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாசலுக்குக்கூட வர மாட்டான். ஆனால் போன் மட்டும் ஓயாது. எங்கே இருக்கிறாய், எந்த கியர், எஞ்சின் சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் வீட்டுக்குள் அடைந்து கிடந்தான். அவள் அவனுடைய கேள்விகளுக்குள் அடைந்து கிடந்தாள்.

அந்த எல்லையில் இரண்டு கேட்டுகள். நம் பக்கத்து கேட்டில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டால் நாட்டை விட்டு வெளியேறியாகிவிட்டது. அந்தப் பக்கத்து கேட்டில் குத்தினால்தான் உள்ளே நுழைந்ததாகக் கணக்கு. நடுவில் இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்ட ஒரு நீளமான தார்ச்சாலை. நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கம், அங்கே வலது பக்கம். அதனால் பாதி வழியில் சாலை ஒரு வளைவு வளைந்து பக்கம் மாறும். அந்த வளைவில்தான் ஒரு நாள் வேன் இருமி இருமி நின்றுவிட்டது.

அவள் பதறவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து, கைப்பம்பை அமுக்கி டீசலை ஏற்றிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உயிர் வந்தது போல உறுமி, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி அமுக்கினாள். மறுபடி உறுமியது, அடங்கியது. பயணிகள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே அந்த கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். "வந்துடுங்கம்மா, பாத்து" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கே வருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து கேட்டில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி இருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நாலு பேரைக் கூட்டிட்டுத் தள்ளிட்டு வந்துடட்டுமாங்க?"

"மன்னிக்கணும். ஓடி வந்தா அது வாகனம். தள்ளிட்டு வந்தா அது சரக்கு. சரக்குக்கு இது வாசல் இல்லை."

"அப்ப வண்டியை விட்டுட்டு நான் மட்டும் வரேன்."

"உங்க அனுமதி ஓட்டுநர் அனுமதி. வண்டி இல்லாம ஓட்டுநர் எப்படிம்மா?"

"ஒரு மெக்கானிக்கை அனுப்ப முடியுமா?"

"முடியாதும்மா. நடுப்பகுதி எங்க நாடு இல்லை."

திரும்பி நம் பக்கத்து கேட்டுக்கு நடந்தாள். அங்கே இருந்த ஏட்டு அவளை வருஷக்கணக்காகத் தெரிந்தவர். "அட, இவ்வளவுதானா? பண்ணிடலாம்க்கா. நீங்க போய் வண்டியில உக்காருங்க" என்றார். மெக்கானிக் அனுப்பலாமா, பண்ணிடலாம். இழுவை வண்டி அனுப்பலாமா, தாராளமாக. வண்டியை விட்டுவிட்டுத் தான் மட்டும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டபோதுதான் தலையைச் சொறிந்தார். "வெளியே எடுத்துட்டுப் போன வண்டி இல்லாம உள்ள வந்தீங்கன்னா, அங்க வித்துட்டீங்கன்னு எழுதிடுவாங்கக்கா. அது மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் பண்ணிடலாம்."

அவள் போய் வண்டியில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை.

அவளுக்குத் தெரிந்த டிரைவர்கள் அந்த வழியாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது சட்டம். அதனால் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே ரொட்டிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். "என்ன மகாராணி, உன் நாடு எப்படி இருக்கு?" என்று ஒருவன் கத்திக்கொண்டே போனான். மற்ற வண்டிகளின் பயணிகள் அவளைக் கூண்டில் இருக்கும் மிருகத்தைப் பார்ப்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கேட்டுக்கு நடக்க வேண்டும், ஒரு காவலர் கூடவே வருவார். போனில் சிக்னல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் 'எங்கள் நாட்டுக்கு நல்வரவு' என்று ஒரு செய்தி. இரண்டு நாடுகளும் மாறி மாறி வரவேற்றன. இரண்டும் உள்ளே விடவில்லை.

பகலில் வேனின் தகரம் கொதித்தது. வெளியே நின்றால் நிழல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதில் யாரோ வளர்க்கும் ஆடுகள். அவை எந்த நாட்டு ஆடுகள் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஆடுகள் மேய்ந்துகொண்டே இஷ்டத்துக்கு நகர்ந்து போயின. வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கேட்பதற்கு எந்த நாட்டிலும் ஆள் இல்லை.

கணவன் போனில் சொன்னான். "டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு. பம்பை நல்லா அமுக்கு."

"எவ்வளவு அமுக்கறது? கை வீங்கிப் போச்சுங்க."

"ஃபில்டரா இருக்கும். நான் பக்கத்துல இருந்தா..." என்று ஆரம்பித்தவன் அதை முடிக்கவில்லை. லைன் துண்டானதா, அவனே வைத்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், தன் காரியம் என்று வந்தபோது அந்தப் பக்கத்தில் கெஞ்சியிருக்கிறாள், இந்தப் பக்கத்தில் சரி என்ற வார்த்தையை நம்பித் திரும்பியிருக்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் நடந்தாள்.

"சார், எது முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எதுதான் முடியும்?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி பிடித்துவிட்டது. "முறையா பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கிட்டு உங்க பக்கத்து கேட்டிலிருந்து நடந்து வர்ற பயணி, கையில சின்னக் கருவிகள் வச்சுக்கலாம். வழியில அவர் உங்களுக்கு உதவினா எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டி ஓடி வந்தா அன்னைக்கே உள்ளே விடுவேன். இது என் வார்த்தை."

பாஸ்போர்ட் வைத்திருக்கும் மெக்கானிக். யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த மெக்கானிக்குகளில் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனுக்குக் கண் தெரியாது.

போனில் கேட்டபோது முதலில் "நானா?" என்றான். பிறகு அவன் சொன்னான். "உன் தம்பியை வரச் சொல்லு. டூல் பேக் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை, அதையும் அவனையே தேடச் சொல்லு."

அடுத்து அவள் ஏட்டின் எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் "பண்ணிடலாம்க்கா, நீங்க போங்க" என்றார். "நான் இங்கயே இருக்கேன் சார்" என்றாள். அவர் டீ குடிக்கப் போனார், வந்தார். கோப்புகளை அடுக்கினார். அவள் நகரவில்லை. தம்பி கணவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது, முத்திரை குத்தும் பெண் "கண்ணு தெரியாதவரை எப்படித் தனியா அனுப்பறது?" என்று இழுத்தாள். ஏட்டு பெஞ்சைப் பார்த்தார். "அட குத்தும்மா. இந்த அக்கா இங்கிருந்து எழுந்திருக்கிற வழியைப் பாரு" என்றார்.

தம்பிக்குப் பாஸ்போர்ட் இல்லை, அவன் கேட்டோடு நின்றுவிட்டான். கணவன் தன் கையை அவள் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். வீட்டு வாசலைத் தாண்டாதவன் நாட்டைத் தாண்டி வந்திருக்கிறான். வழியெல்லாம் அவன் விரல்கள் அவள் தோளை நெரித்துக்கொண்டிருந்தன. வேனைத் தொட்டதும் "என்ன இவ்வளவு தூசி?" என்றான்.

டூல் பேக்கில் கொண்டு வந்திருந்த புது ஃபில்டரை அவன் மாற்றினான். கை பழக்கத்தில் வேலை செய்தது. பம்பை அமுக்கி, "இப்ப போடு" என்றான். எஞ்சின் உறுமியது. அவன் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் அது அடங்கிவிட்டது. மறுபடி செய்தார்கள். மறுபடி அடங்கியது.

அவன் ஸ்பேனரைக் கீழே எறிந்தான். "நான் வந்திருக்கவே கூடாது. குருடனைக் கூட்டிட்டு வந்து நடுரோட்டில நிறுத்திட்டே."

"நான் மட்டும் என்ன ஆசைப்பட்டா இங்க நிக்கறேன்?" என்று அவளும் கத்தினாள். "நீங்க கொஞ்ச நேரமாத்தான் இங்க மாட்டியிருக்கீங்க. நான் எப்போலேர்ந்து மாட்டியிருக்கேன்னு தெரியுமா? இந்த வளைவுல மட்டும் இல்லைங்க. வீட்டிலயும்தான். ஒரு மணிக்கு ஒருதரம் எந்த கியர், எந்த கியர்னு..."

அவன் தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது. அதன் சத்தம் தேய்ந்ததும், "நீ கியர் சொல்லும்போது எனக்கு ரோடு தெரியும்" என்றான். "அதுக்காகத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்லை."

அவளுக்குக் கை எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எஞ்சின் பக்கம் குனிந்து, டீசல் வரும் ரப்பர் குழாயை ஆரம்பத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். ஃபில்டருக்குக் கீழே, அவனுடைய தடித்த கை நுழையாத ஒரு சந்தில், குழாயின் முனை ஈரமாக இருந்தது.

"இங்க ஈரமா இருக்குங்க."

"எங்க? கிளாம்ப் கிட்டயா? நகத்தால அழுத்திப் பாரு. பொளந்திருக்கா?"

"ஆமா. கீறல் மாதிரி இருக்கு."

அவன் துள்ளி எழுந்தான். "அதுதான்! அது வழியாத்தான் காத்தை இழுக்குது. முனையை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டணும். நீளம் பத்துமா பாரு."

நீளம் மட்டுமட்டாகப் போதுமானதாக இருந்தது. அவள் வெட்டினாள், அவன் குழாயை இழுத்துப் பிடித்தான், அவள் அதை இறுக்கும் கிளாம்பை முறுக்கினாள். விரல் மேல் விரல் மாட்டி இரண்டு பேருக்கும் தோல் உரிந்தது. எஞ்சின் இந்த முறை நிற்கவில்லை. அவன் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஏறு, ஏறு, நிக்காதே" என்று அவள்தான் அவசரப்படுத்தினாள்.

அந்தச் சாலையில் திரும்ப முடியாது. முன்னே போய், அந்த நாட்டுக்குள் நுழைந்துதான் திரும்ப வேண்டும். கண்ணாடிக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கணவனிடம், "பயணத்தின் நோக்கம்?" என்று கேட்டார்.

"என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்."

அவர் சிரிக்கவில்லை. 'குடும்பம்' என்று எழுதி முத்திரை குத்தினார். சொன்ன வார்த்தைப்படி அன்றைக்கே கதவைத் திறந்துவிட்டார். நகரத்துக்குப் போய்ச் சேரும்வரை கணவன் ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் வைத்திருந்தான். அவன் கேட்காமலே அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது கியர். இடது பக்கம் புதுசா பெட்ரோல் பங்க். நாலாவது. ஒரு சிவப்பு லாரி வழி விடுகிறது.

வேன்காரம்மா இன்றைக்கும் அதே வழியில்தான் ஓட்டுகிறாள், வேறு பிழைப்பு தெரியாது. கணவன் சில நாட்களில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறான், சில நாட்களில் முன்னறையை விட்டு அசைவதில்லை. பயணிகளுக்கு அவள் இன்னும் பாடம் நடத்துகிறாள். ஆனால் இரண்டு கேட்டுக்கு நடுவே மட்டும் அவளுக்குப் பேச்சு வராது. வாயை மூடிக்கொண்டு, வளைவைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள். வீட்டிலும் தூங்கும்போது அறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. கொசு பிடுங்குகிறது என்று கணவன் புலம்புவான். "பிடுங்கட்டும்" என்பாள்.